பழைய விறகு அடுப்பில் இரண்டாம் எரிவு அமைப்பது எப்படி: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கான வழிகாட்டி

ரொறன்ரோவில் வீட்டு விலை எட்டாக்கனியாகிவிட்டதால் பீற்றர்பரோ, லின்ட்சே, ஒறிலியா என்று தள்ளிப்போய் வீடு வாங்கும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் பேஸ்மென்றிலோ வரவேற்பறை மூலையிலோ ஒரு கறுப்பு விறகு அடுப்பு நிற்கும். 1970களிலோ 80களின் முற்பாதியிலோ செய்தது. தடித்த இரும்புத் தகடு, கண்ணாடி இல்லாத கதவு, உள்ளே வெறும் பெட்டி. அடுப்பின் உடம்பில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் விறகை விழுங்கும், புகைபோக்கியில் தார் பிடிக்கும், காற்றில்லாத நாளில் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயு கிளம்புகிறது. விறகிலுள்ள வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது எரிய வேண்டுமானால் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடும் புதுக் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். பழைய பெட்டி அடுப்பில் வாயு நேரே மேலேறி, எரியாமலே புகைபோக்கிக்குள் போய்விடுகிறது. கூரைக்கு மேலே நாம் பார்க்கும் புகை அதுதான். புதிய அடுப்புகளில் நெருப்புக்கு மேலே ஒரு தட்டும், தட்டுக்குக் கீழே துளையிட்ட காற்றுக் குழாய்களும் இருக்கும். தட்டு சூட்டைப் பிடித்துவைக்கும், குழாய் சூடான காற்றைக் கொடுக்கும், வாயு அங்கேயே இரண்டாம் முறை தீப்பிடிக்கும். இதுதான் இரண்டாம் எரிவு. அதே ஏற்பாட்டைப் பழைய அடுப்புக்குள் செய்வது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். வீடியோவில் அழகாகத் தெரிவது குழாயிலிருந்து பீறிடும் சுவாலை. அதனால் எல்லோரும் குழாயில் தொடங்குகிறார்கள். பலனில் பெரும்பங்கு தட்டிலிருந்துதான் வருகிறது. தட்டு இல்லாமல் குழாய் மட்டும் போட்டால் நெருப்பின்மேல் குளிர்காற்றை விட்டதாக முடியும். அந்தத் தட்டுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய கடதாசி வேலை இருக்கிறது.

1. இந்த அடுப்பில் கை வைக்கலாமா என்று பாருங்கள்

அடுப்பின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு சிறு உலோகச் சீட்டு இருக்கும். தூசியைத் துடைத்து, டோர்ச் அடித்துத் தெளிவாகப் படம் எடுங்கள். இந்தப் படம் பிறகு பல இடத்தில் தேவைப்படும்.

சீட்டில் யூ.எல்.சி. அல்லது வார்னொக் ஹேர்சி என்ற சோதனை நிறுவனத்தின் முத்திரை மட்டும் இருந்தால் அடுப்பு அந்தக் காலத்தில் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். புகை அளவு பற்றி அது ஒன்றும் சொல்லாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) முத்திரையோ, கனடியத் தர நிர்ணய அமைப்பின் (சி.எஸ்.ஏ.) பி415 என்ற எண்ணோ இருந்தால் அது புகை குறைக்கும் ஏற்பாடு உள்ள அடுப்பு. அதில் கை வைக்காதீர்கள். தட்டோ குழாயோ பழுதாகியிருந்தால் அதே மாதிரிக்குரிய உதிரிப்பாகத்தை வாங்கிப் போடுங்கள். இ.பி.ஏ. விதி நடைமுறைக்கு வந்தது 1988இல். ஆகவே இந்தக் கட்டுரைக்குரிய அடுப்புகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

வார்ப்பிரும்பு அடுப்பு என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள். அதில் துளை போட்டால் வெடிப்பு ஓடும், திருப்பி ஒட்டுவதும் கடினம். ஃபிஷர் போன்ற உருக்குத் தகட்டு அடுப்புகள்தான் இந்த வேலைக்குத் தோது. இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சமான ஒரு விளக்கை அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மூட்டுகளில் ஒளிக் கீற்றுத் தெரிந்தால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

இடமும் முக்கியம். மொன்றியல் நகரில் 2018 ஒக்ரோபர் 1 முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியேற்றும் அடுப்பை எரிக்கக் கூடாது. அளவு சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், நாமே செய்த திருத்தத்துக்கு யாரும் சான்று தரமாட்டார்கள். மெட்ரோ வன்கூவரிலும் கட்டுப்பாடு கடுமை. ஆகவே கீழே வருவதெல்லாம் ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்தை மனத்தில் வைத்து எழுதியது.

2. இரும்பு வாங்குமுன் கடதாசி

விறகு அடுப்புள்ள வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கும்போது பெரும்பாலும் ‘வெற்’ (WETT) பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். வெற் என்பது விறகுச் சூடாக்கல் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கும் அமைப்பு. வீட்டு விற்பனை விளம்பரங்களில் ‘வெற் சான்றிதழ் பெற்ற அடுப்பு’ என்று போடுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. சான்றிதழ் பெறுவது பரிசோதிக்கும் ஆள், அடுப்பு அல்ல. அறிக்கையில் இருப்பது அந்த நாளில் அந்த அடுப்பு நின்ற நிலை மட்டுமே. விற்பவர் நீட்டும் பழைய அறிக்கையை நம்பிக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

இனி, இந்த வேலையிலேயே பெரிய சிக்கல். சீட்டில் சுவரிலிருந்து இத்தனை அங்குலம் தள்ளி வைக்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த அனுமதி, சோதித்தபோது இருந்த அடுப்புக்கு. உள்ளே தட்டும் குழாயும் போட்டுவிட்டால் அது வேறு அடுப்பு. சீட்டின் பேச்சு செல்லாது. சான்றிதழ் இல்லாத அடுப்பாக எடுத்துக்கொண்டால், சி.எஸ்.ஏ. பி365 நிறுவல் விதிப்படி எரியக்கூடிய சுவரிலிருந்து 1200 மில்லிமீற்றர், அதாவது நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். நம் வீடுகளில் எத்தனை அடுப்புக்கு நான்கு அடி இருக்கிறது? அளவு நாடாவை எடுத்து இன்றே பாருங்கள்.

இடம் போதாவிட்டால் சுவருக்கு முன்னால் மெல்லிய உருக்குத் தகட்டுக் கவசம் போடலாம். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே 21 மில்லிமீற்றருக்குக் குறையாத காற்றிடைவெளி விட்டு, கீழும் மேலும் காற்று ஓட வழி வைத்தால் பக்கவாட்டு இடைவெளியை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க விதி இடம் தருகிறது. 1200 ஏறத்தாழ 400 ஆகிவிடும். கவசத்தைச் சுவரோடு ஒட்டி அறைந்தால் ஒரு பயனும் இல்லை. வேலை செய்வது அந்த இடைவெளிதான்.

காப்புறுதி முகவருக்குத் தொலைபேசியில் சொல்லி ‘சரி’ வாங்கினால் போதாது. மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: சீட்டின் படத்தை இணைத்து, இந்த அடுப்பின் உள்ளே கழற்றக்கூடிய தட்டும் காற்றுக் குழாயும் பொருத்த இருக்கிறேன், அதன்பின் சான்றிதழ் இல்லாத அடுப்பாகக் கணக்கிடுவீர்களா? கட்டணம் கூடுமா? வேலை முடிந்தபின் புதிய வெற் அறிக்கை தேவையா? பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். முகவருக்கே விளங்காமல் மேலிடத்துக்கு அனுப்புவார்கள். விடாமல் நினைவூட்டுங்கள்.

‘முடியாது’ என்று எழுத்தில் வந்தால் விட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். வீடு எரிந்தபின் வரும் விசாரணையாளர் அடுப்புக்குள்தான் முதலில் தலையை விடுவார்.

ஒன்ராறியோவில் புதிதாக விறகு அடுப்பு நிறுவக் கட்டட அனுமதி வேண்டும். இருக்கும் அடுப்பின் உட்புறத்தை மாற்றுவதற்கு நகரசபைக்கு நகரசபை பதில் வேறுபடும். அதையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அதே கோப்பில் போட்டு வையுங்கள்.

3. புகைபோக்கி, கதவு, விறகு

புகைபோக்கியைத் துப்புரவாக்காமல் எதையும் தொடங்காதீர்கள். துப்புரவாளர் வரும்போது பக்கத்தில் நின்று, என்ன விழுகிறது என்று பாருங்கள். உலர்ந்த கரித்தூள் என்றால் பரவாயில்லை. கண்ணாடி போல் மினுங்கும் கறுப்புப் பொருக்கு என்றால் அது இறுகிய தார்; அதை எடுத்தபிறகே மற்ற வேலை. கூரைக்கு மேலே புகைபோக்கி போதிய உயரமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர், 3 மீற்றர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 600 மில்லிமீற்றர் உயரம்.

கதவைச் சுற்றியுள்ள காஸ்கெற் கயிறு தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். இலகுவாக வந்துவிட்டால் காற்று நுழைகிறது. அமெரிக்கர் இதற்கு டொலர்த் தாளைச் சொல்வார்கள். நம்முடையது பிளாஸ்ரிக், சூடான அடுப்பில் சுருண்டுவிடும். சாதாரணக் கடதாசியே போதும்.

விறகின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி வாங்கி, கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் பச்சை விறகும் உலர்ந்ததாகக் காட்டும். ‘காய்ந்த விறகு’ என்று விற்பதில் பாதி காயாதது. ஓக் என்றால் பிளந்து அடுக்கி இரண்டு கோடையாவது போக வேண்டும். மேப்பிளும் ஆஷ் மரமும் அதைவிடச் சீக்கிரம் காயும். மரகத வண்டு பிடித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் தெற்கு ஒன்ராறியோவில் நிறைய. மலிவாகக் கிடைக்கும், ஆனால் பட்ட மரம் என்பதற்காகக் காய்ந்த மரம் என்று எண்ணிவிடாதீர்கள். தூரத்திலிருந்து விறகு கொண்டுவந்து அந்த வண்டைப் பரப்பவும் வேண்டாம். விலை பேசும்போது புஷ் கோர்டா, ஃபேஸ் கோர்டா என்று கேளுங்கள். புஷ் கோர்ட் 128 கன அடி. 16 அங்குலக் கட்டை அடுக்கிய ஃபேஸ் கோர்ட் அதில் மூன்றில் ஒன்று. பெயரைச் சொல்லாமல் ‘கோர்ட்’ என்று மட்டும் சொல்பவர் பெரும்பாலும் சிறியதைத்தான் இறக்குவார்.

ஈர விறகோடு இரண்டாம் எரிவு நடக்காது. தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும்.

4. தட்டு

கடையில் ‘பஃபிள்’ என்று கேட்க வேண்டும். ஆனால் பழைய அடுப்புக்கு ஆயத்தமாகக் கிடைக்காது, நாமே செய்ய வேண்டியதுதான். நெருப்புப் பெட்டியின் பின்சுவரிலிருந்து முன்னோக்கி வரும் ஒரு தாழ்ந்த கூரையைக் கற்பனை செய்யுங்கள். பின்னாலும் பக்கங்களிலும் இடைவெளி இல்லை. முன்னால், கதவுக்கு மேலே மட்டும் வழி. புகை முன்னுக்கு வந்து, வளைந்து, தட்டின் மேலாகப் பின்னோக்கிப் போய்ப் புகைபோக்கியில் ஏறும். அந்தச் சுற்றுப் பயணத்தில்தான் வாயுவுக்கு எரிய நேரம் கிடைக்கிறது.

பொருள்: இடது வலது சுவர்களில் 38 மில்லிமீற்றர் எல்-கோண இரும்பு, அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் தீச்செங்கல். அடுப்புக்கு விற்கும் மெல்லிய தீச்செங்கல் 9 x 4½ x 1¼ அங்குலம். செங்கல்லை இறுக்கிப் பூசாதீர்கள், சும்மா அடுக்கி வையுங்கள். காரணம் இரண்டு.

முதலாவது, இரும்பு நீளும். அரை மீற்றர் உருக்கு 600 பாகை ஏறும்போது மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும். இரு முனையையும் வெல்ட் பண்ணிவிட்டால் அது வளைந்து, அடுப்பின் பக்கத்தையும் இழுக்கும். சட்டங்களின் முனைகளில் ஐந்தாறு மில்லிமீற்றர் விட்டு, கோண இரும்பின் மேல் சும்மா இருத்துங்கள்.

இரண்டாவது, உயிர்ப் பிரச்சினை. புகைபோக்கியை மேலிருந்து தேய்க்கும்போது கரி முழுவதும் தட்டின் முதுகில் விழும். கழற்ற முடியாத தட்டு என்றால் கரி அங்கேயே குவிந்து வழியை அடைக்கும், கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும். தட்டுப் போட்டபிறகு ஒவ்வொரு துப்புரவிலும் செங்கல்லைத் தூக்கி உள்ளே பார்க்க வேண்டும். துப்புரவாளருக்குத் தட்டு இருப்பது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வழியின் அளவைக் கணக்குப் பார்த்தே வையுங்கள். தட்டின் முன்னாலுள்ள வழியும், தட்டுக்கு மேலுள்ள வழியும், அடுப்பைப் புகைபோக்கியோடு இணைக்கும் புகைக்குழாயின் வாய்ப் பரப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 6 அங்குலக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 182 சதுர சென்ரிமீற்றர், 8 அங்குலம் என்றால் 324. அடுப்பின் உள் அகலம் 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 6 அங்குலத்துக்கு முன்வழி குறைந்தது 3.6 சென்ரிமீற்றர், 8 அங்குலத்துக்கு 6.5. இது அடிமட்டம். நான் ஒன்றரைப் பங்கு விடச் சொல்வேன். வழி பெரிதென்றால் ஒரு செங்கல் துண்டை முன்னால் வைத்துப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

தட்டின் முன் விளிம்பு கதவுத் திறப்பின் மேல் விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடிக்கும். அடுப்பு தாழ்வானதாக இருந்து இந்த உயரம் கிடைக்காவிட்டால், அந்த அடுப்புக்கு இது சரிவராது.

செங்கல்லின் மேல் செராமிக் நார்ப் போர்வை விரித்தால் கீழே சூடு இன்னும் கூடும். அந்த நார் நுரையீரலுக்குக் கேடு. வெட்டும்போது என்95 அல்லது அதைவிட உயர்ந்த முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். சில குளிர்காலம் சூடேறிய பழைய போர்வையைக் கழற்றும்போது இன்னும் கவனம், நனைத்துவிட்டு எடுங்கள். பிள்ளைகள் விளையாடும் பேஸ்மென்ற் என்றால் போர்வையே வேண்டாம், செங்கல் போதும்.

5. தட்டோடு மட்டும் சில வாரம் எரியுங்கள்

குழாய்க்கு ஓடாதீர்கள். இரண்டு வெப்பமானி வாங்குங்கள்: அடுப்பின் மேற்தட்டில் ஒட்டும் காந்த வகை ஒன்று, புகைக்குழாய்க்குள் குத்தும் ஊசி வகை ஒன்று. ஊசி வகையில் 200 முதல் 480 பாகை வரை (முகப்பில் 400 முதல் 900 ஃபாரன்ஹைட் என்று இருக்கும்) நல்ல வலயம். தட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு விறகு வைத்து எழுதிப் பாருங்கள். அடுப்பின் மேற்தட்டுச் சூடு கூடி, புகைக்குழாய்ச் சூடு குறைந்தால் தட்டு வேலை செய்கிறது.

கண்ணாடி இல்லாத கதவென்றால் உள்ளே பார்க்க முடியாது. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். நீராவி வெள்ளையாக வந்து சில அடியில் கரைந்துவிடும். புகை நீலச் சாம்பலாக நீண்டு தொங்கும். நெருப்பு வைத்து 20, 25 நிமிடத்தில் தொங்கும் புகை நின்றுவிட்டால், அப்புறம் குழாய் தேவையா என்று யோசிக்கலாம். பலருக்கு இதுவே போதுமாகிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தட்டு சூட்டை அடுப்பில் நிறுத்துவதால் புகைபோக்கி முன்னைவிடக் குளிரும். சுவருக்கு வெளியே ஏறும் புகைபோக்கி என்றால் இன்னும் மோசம். 120 பாகைக்குக் கீழே போனால் எரியாத வாயு அங்கே தாராகப் படியும். ஆகவே முதல் மாத முடிவில் கண்ணாடியும் டோர்ச்சும் வைத்துப் புகைபோக்கியைப் பாருங்கள். வழக்கமான வருடாந்தத் துப்புரவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

6. காற்றுக் குழாய்கள்

தட்டுப் போட்டும் புகை நிற்கவில்லை என்றால் அங்கே சூடு இருக்கிறது, காற்று இல்லை என்று பொருள். இப்போதுதான் குழாய்க்கு வேலை.

நாகமுலாம் பூசிய குழாயைத் தொடவே வேண்டாம். வன்பொருள் கடையில் முன்வரிசையில், மலிவாக, சாம்பல் நிறத்தில் இருப்பது அதுதான். நாகம் 907 பாகையில் கொதிக்கும். அதற்கு முன்பே ஆவி கிளம்பும். சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வினாகிரியில் ஊறவைத்து உரித்துவிடலாம் என்று சொல்வார்கள். உள்பக்கம் முழுக்கப் போனதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? இணைப்புத் துண்டுகளும் நாகமுலாம் பூசியதாக வரும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்பு இரும்புக் குழாய் பாதுகாப்பானது, ஆனால் செதில் செதிலாக உதிர்ந்து சீக்கிரம் ஓட்டை விழும். சரியான பொருள் 304 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். 310 இன்னும் தாங்கும், விலையும் அதற்கேற்ப.

காற்றின் பாதை: அடுப்பின் பின்சுவரில் தாழ்வாக ஒரு துளை. அதிலிருந்து உள்மூலை வழியாக மேலேறும் குழாய். தட்டின் மட்டத்தில் பக்கச் சுவரோடு ஒரு சதுரக் குழாய். அதிலிருந்து குறுக்கே, தட்டுக்கு 25 மில்லிமீற்றர் கீழே, நான்கு துளைக் குழாய்கள். காற்று அடுப்புக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு சூடாகும். பின்சுவரில் உயரமாகத் துளைத்து நேரே குழாய்க்குள் விட்டால் குளிர்காற்றுத்தான் வரும், சுவாலை அணையும்.

துளைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் கெடுகிறது. வெளி விட்டம் ¾ அங்குலமும் சுவர்த் தடிப்பு 1.65 மில்லிமீற்றரும் உள்ள குழாயின் உட்பரப்பு (உள்வாயின் பரப்பு) ஏறத்தாழ 195 சதுர மில்லிமீற்றர். ⅛ அங்குலத் துளை ஒன்றின் பரப்பு 8 சதுர மில்லிமீற்றர். ஒரு குழாயில் இருபது துளை என்றால் 160. குழாயைவிடத் துளைகளின் கூட்டு சிறிது. கடைசித் துளை வரைக்கும் காற்று சீராகப் போகும். முப்பது துளை போட்டால் 240 ஆகிவிடும். முதல் சில துளைகளே காற்றை எடுத்துவிடும், மறுமுனை சும்மா இருக்கும். நான்கு குழாய்க்கும் சேர்த்து 640 சதுர மில்லிமீற்றர். உள்ளே ஏறும் குழாய் அதைவிடப் பெரிதாக வேண்டும். ‘1 அங்குலம்’ என்று விற்கும் சாதாரணக் குழாயின் உட்பரப்பு 557தான், போதாது. ‘1¼ அங்குலம்’ எடுங்கள், 965 வரும்.

துளைகள் கதவை நோக்கி, கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே பார்க்கட்டும். குறைவாகத் துளைத்துத் தொடங்குங்கள். கூட்டுவது இலகு, துளையை மூடுவது கடினம். ஸ்ரெயின்லெஸில் துளைபோட கோபால்ட் முனையும், மெதுவான வேகமும், எண்ணெயும் வேண்டும். வேகமாக ஓட்டினால் அந்த இடம் இறுகி முனை வழுக்கத் தொடங்கும்.

குழாயின் ஒரு முனை சதுரக் குழாயில் நிற்கட்டும், மறுமுனையை அடைத்து எதிர்ப்பக்கக் கோண இரும்பின் மேல் சுதந்திரமாக வையுங்கள். ஸ்ரெயின்லெஸ் சாதாரண உருக்கைவிடக் கூடுதலாக நீளும். அரை மீற்றருக்கு ஐந்து மில்லிமீற்றர் வரை. செங்கல்லின் பாரத்தைக் குழாயில் ஏற்ற வேண்டாம், சூட்டில் தொய்ந்துவிடும்.

வெல்டிங்கை நீங்களே செய்யாதீர்கள். ஸ்ரெயின்லெஸ் வெல்டிங் புகையில் நச்சுக் குரோமியம் உண்டு. வரைபடத்தை அளவுகளோடு கீறி ஊர்ப் பட்டறையில் கொடுங்கள். பின்சுவர்த் துளையையும் அவர்களே வெட்டினால் நல்லது.

வெளித்துளைக்கு மூடி கட்டாயம். திருகு மூடியோ சறுக்குத் தகடோ எதுவானாலும், முழுக்க அடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூடி இல்லாவிட்டால் கதவிலுள்ள காற்று வழியை அடைத்தாலும் அடுப்பு குழாய் வழியாகக் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

7. முதல் நெருப்பு

படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலார்ம் ஒன்ராறியோவில் சட்டப்படி வேண்டும். அடுப்பு இருக்கும் தளத்திலும் ஒன்று வேண்டும். பொத்தானை அழுத்திச் சோதித்தபிறகே தீக்குச்சி.

முதல் இரண்டு மூன்று தடவை சிறு நெருப்பு, ஜன்னல் திறந்து. எண்ணெய், பெயின்ற், நார்ப் பசை எல்லாம் நாறும். பிறகு ஒரு முழு அடுக்கு விறகு. எல்லாக் காற்றையும் திறந்து 15, 20 நிமிடம் விட்டு, ஊசி வெப்பமானி 260 பாகையை எட்டியதும் கதவுக் காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். பழைய பழக்கத்தில் ஒரேயடியாக அடைக்காதீர்கள். அடைத்தால் வாயு தேங்கி, திடீரெனப் பற்றி ‘டொப்’ என்று புகை கக்கும். கதவைத் திறக்குமுன் புகைக்குழாயிலுள்ள அடைப்புத் தகட்டை (டம்பர்) முழுக்கத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு நீக்கிச் சற்றுப் பொறுத்துத் திறவுங்கள்.

விளக்கை அணைத்துப் பாருங்கள். அடுப்பின் உடம்போ புகைக்குழாயோ இருட்டில் மங்கலாகச் சிவந்தால் 500 பாகையைத் தாண்டிவிட்டது. வெளித்துளை மூடியை அடைத்து, கதவுக் காற்றையும் குறையுங்கள். அடுத்த தடவை விறகைக் குறைத்து, துளைகளில் சிலவற்றை அடைத்துப் பாருங்கள். புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டால் அது வேறு கதை, உள்ளே தார் தீப்பிடித்துவிட்டது: எல்லாக் காற்றையும் அடைத்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு 911.

சுவர்களையும் மறக்காதீர்கள். மேற்தட்டு முன்னைவிடச் சூடாவதால் சுவரும் கூரையும் கூடச் சூடாகும். ஒரு மணி நேர முழு எரிவுக்குப் பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வைத்திருக்க முடியாத சூடென்றால் கவசம் போதவில்லை.

8. செலவும் காலமும்

விலைகள் இடத்துக்கிடம் மாறும், ஏறத்தாழவே சொல்கிறேன். துப்புரவு 200 முதல் 300 டொலர். வெற் பரிசோதனை 200 முதல் 400, அதுவும் வேலைக்கு முன்னும் பின்னும் என்றால் இரண்டு தடவை. தீச்செங்கல்லும் கோண இரும்பும் 100 முதல் 150. ஸ்ரெயின்லெஸ் குழாய் 100 முதல் 200. பட்டறைக் கூலி 150 முதல் 300. வெப்பமானிகள், ஈரமானி, காஸ்கெற் எல்லாம் சேர்த்து 150. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சுவர்க் கவசமும் வேண்டுமென்றால் இன்னும் மேலே.

சான்றளிக்கப்பட்ட சிறிய புதிய அடுப்பு 2500 டொலரிலிருந்து கிடைக்கும், நிறுவல் தனி. அதற்குக் காப்புறுதிப் பேச்சும் இலகு, 1200 மில்லிமீற்றர் பிரச்சினையும் இல்லை. அதனால் என் கருத்து இது: புகைபோக்கியும் மாற்ற வேண்டிய நிலை என்றால், அல்லது சுவர் இடைவெளி போதாது என்றால், பழைய அடுப்பில் காசைப் போடாதீர்கள். இடம் இருக்கிறது, புகைபோக்கி நல்லது, தட்டோடு மட்டும் நிற்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு உங்கள் பக்கம். சான்றளிக்கப்பட்ட அடுப்புகள் அதே சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு விறகு குறைவாக எரிக்கும் என்று இ.பி.ஏ. சொல்கிறது. அந்த எண்ணை வீட்டில் செய்த ஏற்பாட்டுக்குப் பொருத்திச் சேமிப்புக் கணக்குப் போடாதீர்கள்.

காலத்தை ஏப்ரலில் தொடங்குங்கள். அப்போது துப்புரவாளரும் பரிசோதகரும் ஓய்வாக இருப்பார்கள், காப்புறுதிப் பதிலுக்கும் அவகாசம் இருக்கும். யூன், யூலையில் தட்டு. செப்ரெம்பரில் சிறு நெருப்புகள். செப்ரெம்பரிலிருந்து நவம்பர் வரை பரிசோதகரைப் பிடிப்பது கஷ்டம், கட்டணமும் ஏறும். புதிதாக வீடு வாங்கியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனம் அறிக்கைக்குக் குறுகிய தவணையே கொடுக்கும். அந்தத் தவணைக்குள் அடுப்பை இருந்தபடியே பரிசோதித்துக் கொடுத்துவிடுங்கள், திருத்தம் அடுத்த கோடைக்கு.

ஒவ்வொரு வசந்தத்திலும் செங்கல்லைத் தூக்கி, குழாய்களைத் தட்டிப் பாருங்கள். தொய்ந்தவற்றையும் துளை பெருத்தவற்றையும் மாற்றுங்கள். வீட்டை விற்கும் நாள் வந்தால் சீட்டுப் படம், மின்னஞ்சல்கள், இரண்டு வெற் அறிக்கைகள், வரைபடம் எல்லாவற்றையும் வாங்குபவரிடம் கொடுங்கள். அவருடைய காப்புறுதிக்காரர் ஏற்காவிட்டால் குழாயையும் செங்கல்லையும் கழற்றி, பின்சுவர்த் துளையைப் பட்டறையில் வெல்ட் பண்ணி அடைத்து, புதிதாக ஒரு பரிசோதனை எடுத்துவிட்டு ஒப்படைக்கலாம்.